புல்மோட்டைக்கு மறுபடியும் ஓடாமலிருக்க: தொலைவிலிருந்து கண்காணிக்க வலையமைப்புச் சாதனங்களைத் தயார்செய்யும் முறை

கடந்த மாரியில் புல்மோட்டையிலுள்ள ஓர் ஐஸ் உற்பத்தி நிலையத்தின் இணையம் மூன்று வாரத்துக்குள் நான்கு முறை நின்றது. நான்கு முறையும் திருகோணமலை நகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் நிலாவெளி, குச்சவெளி தாண்டி மழையில் போனேன். முதல் மூன்று முறையும் அங்கே நான் செய்தது ரவுட்டரின் பிளக்கைக் கழற்றி மாட்டியது மட்டும். நான்காவது முறை நான் போய்ச் சேர்வதற்கு முன்பே இணைப்பு தானாக வந்துவிட்டது. எரிபொருளும் நாட்களும் போனதைவிட, என்ன பழுது என்று கடைசிவரை தெரியாமல் திரும்பியதுதான் என்னை உறுத்தியது.

அதன் பிறகு நிலாவெளியில் இரண்டு விடுதிகள், மூதூரில் ஓர் அரிசி ஆலை, நகரில் ஒரு கல்வி நிலையம், அந்த ஐஸ் நிலையம் ஆகிய ஐந்து இடங்களையும் வீட்டிலிருந்தே பார்க்கும்படி மாற்றினேன். வழியில் பல தவறுகள் செய்தேன். நீங்கள் இந்த வேலையை இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால், அவற்றில் பாதியையாவது தவிர்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கண்காணிப்பு மென்பொருளை எந்த இரவிலும் வீட்டிலிருந்து நிறுவலாம். பிழை விட்டால் மறுநாள் திருத்தலாம். சாதனங்களை மட்டும் நேரில் நின்று தயார்செய்ய வேண்டும். அந்த இடத்தை விட்டுக் கிளம்பிய பிறகு நினைவுக்கு வரும் ஒவ்வொரு குறையும் இன்னொரு பயணம். அதனால் இங்கே எழுதியிருப்பவை எல்லாம் கிளம்புவதற்கு முன் முடிக்க வேண்டியவை.

ஒரு ரவுட்டர், இரண்டு சுவிட்ச் (கேபிள்களை ஒன்றிணைக்கும் பெட்டி), ஐந்தாறு அக்சஸ் பொயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) உள்ள இடத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் மே முதல் செப்டெம்பர் வரை சீசன்; அப்போது இணைப்பைத் துண்டித்து வேலை செய்ய எந்த முதலாளியும் விடமாட்டார். ஒக்டோபர் முதல் வாரம் நல்லது. ஐப்பசி இடி தொடங்கிய பிறகு கூரையில் ஏறாதீர்கள்.

1. முதலில் கடிதம்

இடத்தின் உரிமையாளரிடமிருந்து எழுத்தில் அனுமதி வாங்காமல் எந்தச் சாதனத்துக்குள்ளும் நுழையாதீர்கள். தெரிந்தவர், உறவுக்காரர், நீண்டகால வாடிக்கையாளர் என்றாலும் வாங்குங்கள். இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அதிகாரமின்றிக் கணினி ஒன்றுக்குள் நுழைவதைக் குற்றமாக்குகிறது. முகாமையாளர் மாறி, புதியவர் வந்து, "இவர் யார், எங்கள் ரவுட்டருக்குள் எப்படி வந்தார்?" என்று கேட்டால் காட்டுவதற்கு உங்களிடம் ஒரு தாள் இருக்க வேண்டும்.

ஒரு பக்கக் கடிதம் போதும். எந்த எந்தச் சாதனங்கள், பார்ப்பது மட்டுமா அமைப்பை மாற்றுவதுமா, எந்த நேரத்தில் மறுதொடக்கம் செய்யலாம், எப்போது இந்த அனுமதி முடிகிறது என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். கமராக் காட்சிகளைப் பார்க்கமாட்டேன் என்று நான் தனியாக ஒரு வரி எழுதிக் கொடுக்கிறேன். கமராப் பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது வேறு, அதற்குள் தெரியும் விருந்தினரைப் பார்ப்பது வேறு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் இந்த வேறுபாட்டை நாமே முதலில் எழுதிவைப்பது நல்லது. இரண்டு பிரதி, இரண்டிலும் கையொப்பம்.

2. இணைய இணைப்பு யார் பெயரில் இருக்கிறது?

என்னை அதிகம் தாமதப்படுத்தியது எந்தத் தொழில்நுட்பமும் அல்ல, இந்தக் கேள்விதான். மூதூர் ஆலையில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, சேவை நிறுவனத்தின் பெட்டியை, ரவுட்டர் வேலையை எங்கள் ரவுட்டரிடம் விட்டுவிட்டுப் பாலம்போல மட்டும் இயங்கும் முறைக்கு, அதாவது பிரிட்ஜ் முறைக்கு, மாற்றச்சொல்லித் தொலைபேசியில் அழைத்தேன். கணக்கு உரிமையாளரின் அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டார்கள். முதலாளியைப் பார்த்தேன்.

"தம்பி, அது என் மைத்துனரின் பெயரில் எடுத்தது. அவர் கனடாவுக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது" என்றார்.

பெயர் மாற்றம் முடிய ஐந்து வாரம் போனது. நம் ஊரில் இது அரிதல்ல. வெளிநாட்டுக்குப் போனவர், இறந்துபோன தகப்பனார், முன்னைய வாடகைக்காரர் என்று இணைப்புகள் எவர் எவர் பெயரிலோ கிடக்கின்றன. எனவே வேலைக்கு நாள் குறிப்பதற்கு முன்பே கடைசி மாத பில்லின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். பெயர், கணக்கு இலக்கம், இணைப்பின் வகை, மாதத் தரவு அளவு எல்லாம் அதில் இருக்கும். பெயர் மாற்ற வேண்டியிருந்தால் இருவரின் தேசிய அடையாள அட்டைப் பிரதிகளும், நிறுவனமாக இருந்தால் வியாபாரப் பதிவுச் சான்றிதழும் தயாராக இருக்கட்டும்.

3. கணக்கெடுப்பும் ஒட்டுத்தாளும்

ஒவ்வொரு சாதனத்தின் மாதிரி, தொடர் இலக்கம், மேக் முகவரி (சாதனத்தின் வன்பொருள் அடையாள எண்), மென்பொருள் பதிப்பு, அது இருக்கும் இடம், எந்த சுவிட்சின் எத்தனையாவது துளையில் கேபிள் போகிறது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுங்கள். கூரைக்கு அடியில் உள்ள அக்சஸ் பொயின்டின் தொடர் இலக்கத்தைப் பார்க்க இன்னொரு முறை ஏணி கேட்டு நிற்கக் கூடாது.

மார்க்கர் பேனாவால் எழுதாதீர்கள். கடற்கரை ஓரத்து விடுதிகளில் உப்புக்காற்றும் ஈரமும் ஒரு மாரிக்குள் அதை அழித்துவிடும். பிளாஸ்டிக் பூச்சுள்ள அச்சிட்ட ஒட்டுத்தாள் வாங்குங்கள். பெயர் எளிமையாக இருக்கட்டும்: "நிலாவெளி, வரவேற்பறை, சுவிட்ச் 1". சாதனத்தின் உள்ளே கொடுக்கும் பெயரும் வெளியே ஒட்டும் பெயரும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் ஒரு காவலாளியிடம் "வரவேற்பறை சுவிட்ச் 1ஐ அணைத்துப் போடுங்கள், அண்ணா" என்று சொல்லும்போது இதன் அருமை தெரியும்.

கணக்கெடுக்கையில் நிர்வாக வசதியே இல்லாத மலிவு சுவிட்ச்கள் வரும். அவற்றைக் கண்காணிக்க முடியாது. எல்லாவற்றையும் மாற்றச்சொல்லி முதலாளியை வற்புறுத்த வேண்டாம். எல்லாக் கேபிளும் வந்து சேரும் நடு சுவிட்ச் ஒன்றை மட்டும் நிர்வகிக்கக்கூடியதாக மாற்றினால் போதும். மலிவுப் பெட்டி இறந்தால், நடு சுவிட்சின் அந்தத் துளை அணைந்ததை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

4. முகவரிகளைப் பிரியுங்கள்

கடைகளில் வாங்கும் ரவுட்டர்களில் பெரும்பாலானவை 192.168.1.0 அல்லது 192.168.0.0 என்ற ஐ.பி முகவரி வரிசையுடன் வருகின்றன. ஓர் இடம் மட்டுமானால் பிரச்சினை இல்லை. இரண்டாவது இடத்தை இணைத்தவுடன் இரண்டிலும் ஒரே முகவரி இருக்கும். போதாததற்கு உங்கள் வீட்டிலும் அதே முகவரி இருக்கும். எந்தச் சாதனத்துடன் பேசுகிறோம் என்றே தெரியாமல் போகும்.

தொடக்கத்திலேயே ஒவ்வோர் இடத்துக்கும் தனி வரிசை கொடுங்கள். நான் நிலாவெளிக்கு 10.21, மூதூருக்கு 10.22, புல்மோட்டைக்கு 10.23 என்று வைத்திருக்கிறேன். சாதனங்களுக்கு நிலையான முகவரி, விருந்தினருக்குத் தனி வீலான் (அதே கேபிளில் பிரித்து வைத்த தனி வலையமைப்பு). விருந்தினரின் கைப்பேசியிலிருந்து சுவிட்சின் உள்நுழைவுப் பக்கம் திறக்கிறதா என்று நீங்களே முயன்று பாருங்கள். திறந்தால் இந்தப் படி முடியவில்லை.

முகவரி மாற்றியதும் அச்சுப்பொறியும் கமராப் பெட்டியும் பழைய முகவரியிலேயே நின்றுவிடும். அவற்றுக்கு ஒரு மணி நேரம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

5. பழைய மென்பொருள், பழைய கடவுச்சொல்

சாதனங்களுக்குள் இருக்கும் மென்பொருளை நேரில் நிற்கும்போதே, யூ.பி.எஸ் வழியாக மின்சாரம் கொடுத்துப் புதுப்பியுங்கள். பாதியில் மின்சாரம் போனால் சாதனம் செங்கல்லாகிவிடும். தொடங்குவதற்கு முன் அமைப்பின் நகலை எடுத்து வையுங்கள்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். 2018இல் மைக்ரோட்டிக் ரவுட்டர்களின் வின்பாக்ஸ் என்ற நிர்வாகச் சேவையில், 8291 என்ற துறையில் (போர்ட், அதாவது இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்), ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. கடவுச்சொல் தெரியாமலே பயனர் விவரங்களை வெளியிலிருந்து எடுக்க முடிந்தது. நிறுவனம் உடனே திருத்தம் வெளியிட்டும், புதுப்பிக்காமல் விடப்பட்ட ரவுட்டர்கள் மாதக்கணக்கில் உலகெங்கும் கைப்பற்றப்பட்டன. தொலைவிலிருந்து நாம் உள்ளே வர வைக்கும் வாசல் மற்றவருக்கும் வாசல்தான்.

எதையும் மறைக்காமல் அனுப்பும் டெல்நெட் உள்நுழைவை அணையுங்கள், மறையாக்கம் உள்ள எஸ்.எஸ்.எச் மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு சாதனத்துக்கும் வேறு கடவுச்சொல், எல்லாம் ஒரு கடவுச்சொல் பெட்டக மென்பொருளில்.

6. உள்ளேயிருந்து வெளியே போகும் சுரங்கம்

புதியவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, ரவுட்டரில் ஒரு துறையை இணையத்துக்குத் திறந்துவிடுவது. செய்யாதீர்கள். பல இடங்களில் அது வேலையும் செய்யாது. ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான வரிசையில் இருந்தால், உங்கள் சேவை நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. 4ஜி இணைப்புகளில் இது வழக்கம். வெளியிலிருந்து உங்களிடம் யாராலும் வர முடியாது. நிலையான பொது முகவரி கேட்டு வாங்கலாம். அதற்கு மாதாந்தம் தனிக் கட்டணம் உண்டு, எல்லா வகை இணைப்புக்கும் தரவும்மாட்டார்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. இணையத்தில் ஒரு சிறிய வாடகைச் சேவையகம் எடுங்கள். மாதம் ஐந்தாறு அமெரிக்க டொலருக்குக் கிடைக்கும் சிறியது போதும். ஐந்து இடத்துக்கும் ஒன்றே போதும். ஒவ்வோர் இடத்து ரவுட்டரும் அந்தச் சேவையகத்தை நோக்கித் தானாக வயர்காட் சுரங்கம் ஒன்றை, அதாவது இணையத்துக்குள் மறையாக்கப்பட்ட ஒரு தனி வழியை, அமைக்கட்டும். அழைப்பு உள்ளேயிருந்து போவதால் பகிரப்பட்ட முகவரி தடையாகாது, அந்த இடத்தில் எந்தத் துறையையும் திறக்கவும் வேண்டாம். பகிர்ந்த முகவரிக்குப் பின்னால் இருக்கும் ரவுட்டரில் உயிர்த்துடிப்பு இடைவெளியை 25 செக்கன் என்று வையுங்கள். இல்லாவிட்டால் சிறிது நேரம் பேச்சில்லாமல் இருந்ததும் நடுவிலுள்ள பெட்டி உங்களை மறந்துவிடும்.

புல்மோட்டையின் பழுதை நான் கண்டுபிடித்தது இந்தச் சுரங்கத்தை அமைத்த பிறகுதான். அந்த வேட்டைக்கு நடுவில் இன்னொரு பொறியும் காத்திருந்தது. மின்வெட்டு முடிந்து எல்லாம் எழுந்தபோது இணையம் வந்தது, சுரங்கம் மட்டும் வரவில்லை. காரணம் கடிகாரம். விலை குறைந்த பல ரவுட்டர்களில் நேரத்தைக் காக்கும் மின்கலம் இல்லை. மின்சாரம் போனால் நேரம் பின்னோக்கிப் போய்விடும். வயர்காட் கைகுலுக்கும்போது நேர முத்திரை ஒன்றை அனுப்புகிறது. முன்பு பார்த்ததைவிடப் பழைய முத்திரையுடன் வருபவரை எதிர்ப்பக்கம் ஏற்காது. ரவுட்டர் என்.டி.பி என்ற நேரச் சேவை மூலம் நேரத்தைத் திருத்திக்கொண்டால் எல்லாம் சரியாகும். நானோ என்.டி.பி சேவையகத்தைச் சுரங்கத்துக்கு உள்ளே வைத்திருந்தேன். நேரம் சரியாகச் சுரங்கம் வேண்டும், சுரங்கம் வர நேரம் சரியாக வேண்டும். என்.டி.பி எப்போதும் சுரங்கத்துக்கு வெளியே, நேரடி இணையத்தில் இருக்க வேண்டும். பெயரை முகவரியாக்கும் டி.என்.எஸ் சேவைக்கும் இதே விதி.

வயர்காட்டில் ஒவ்வொரு ரவுட்டருக்கும் மறையாக்கத்துக்கான ஒரு சோடித் திறப்பு உண்டு: தனித் திறப்பு, பொதுத் திறப்பு. தனித் திறப்பு ரவுட்டரை விட்டு வெளியே வரக் கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பவேண்டியது பொதுத் திறப்பு மட்டும்.

7. எஸ்.என்.எம்.பி: சாதனத்தைப் பேசவைத்தல்

கண்காணிப்பு மென்பொருள் சாதனங்களிடம் கேள்வி கேட்கும் மொழி இது. யூ.டி.பி துறை 161இல் கேள்வி போகும். 162இல் சாதனம் தானாக எச்சரிக்கை அனுப்பும். முதல் பதிப்பும் 2சி பதிப்பும் கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்புகின்றன, அதுவும் பல சாதனங்களில் "பப்ளிக்" என்ற சொல்லாகவே இருக்கும். மூன்றாம் பதிப்பை எடுத்து, அடையாளச் சரிபார்ப்பும் மறையாக்கமும் இரண்டும் உள்ள நிலையைத் தேர்ந்தெடுங்கள். கடவுச்சொற்கள் 8 எழுத்துக்குக் குறையக் கூடாது. படிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். எழுதும் அனுமதி வேண்டாம். கேள்வி கேட்க உங்கள் சேவையகத்தின் சுரங்க முகவரிக்கு மட்டும் இடம் விடுங்கள்.

பழைய சாதனத்தில் மூன்றாம் பதிப்பு இல்லையென்றால், சுரங்கத்துக்கு உள்ளே மட்டும் 2சியைப் பயன்படுத்தலாம். முதல் பதிப்பை எடுக்காதீர்கள். அதில் போன தரவைக் கூட்டிவரும் 32 பிட் எண்ணி மட்டும்தான். ஒரு கிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் அந்த எண்ணி 34 செக்கனில் நிரம்பி மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும் உங்கள் வரைபடம் பொய் சொல்லும்.

நம் கரையோரத்துக்கு நான் மிக முக்கியமாக நினைக்கும் ஓர் அளவு உண்டு. கேபிள் முனையின் செப்பில் உப்புப் பட்டுப் பச்சை பிடித்தால் இணைப்பு உடனே சாகாது. முதலில் பிழையுள்ள தரவுப் பொதிகளின் எண்ணிக்கை ஏறும். பிறகு ஒரு சோடிக் கம்பி தொடர்பிழந்து, 1000 மெகாபிட்டில் ஓடிய இணைப்பு 100க்கு இறங்கும், ஏனென்றால் 1000க்கு நான்கு சோடியும் வேண்டும், 100க்கு இரண்டு போதும். இந்த இரண்டுக்கும் எச்சரிக்கை வையுங்கள். நிலாவெளியில் கடலைப் பார்த்த பக்கத்து அக்சஸ் பொயின்ட் ஒன்று இறப்பதற்கு வாரக்கணக்கில் முன்பே இப்படித் தெரிந்தது. சீசன் நடுவில் இல்லாமல் ஒரு மதியத்தில் முனையை மாற்ற முடிந்தது.

8. தரவுச் செலவும் எச்சரிக்கையும்

4ஜி இணைப்பில் மாதத் தரவு அளவானது என்பதால் இதைக் கணக்கிட்டுப் பாருங்கள். சாதனம் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் பிங் நிமிடத்துக்கு ஒன்று என்றால் மாதம் சுமார் 7 மெகாபைட், சுரங்கத்தின் உயிர்த்துடிப்பு சுமார் 6. ஒரு சுவிட்சிடம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டு, சுற்றுக்கு 30 கிலோபைட் போனால் மாதம் 260 மெகாபைட். இவை தாங்கக்கூடியவை. கமராக் காட்சி 2 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 900 மெகாபைட். முதலாளி வெளியூரிலிருந்து காட்சி பார்க்க விரும்பினால் இந்த எண்ணை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கண்காணிப்பு மென்பொருளுக்குச் செலவில்லை, லிப்ரே என்.எம்.எஸ், ஸபிக்ஸ் இரண்டும் இலவசம். அதை நிறுவும்போது எந்தச் சாதனம் எதற்குப் பின்னால் இருக்கிறது என்று சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் ரவுட்டர் ஒன்று நின்றதற்குப் பதினான்கு செய்தி வரும், ஒரு மாதத்தில் நீங்கள் எதையுமே படிக்கமாட்டீர்கள்.

9. மின்சாரமும் இடியும்

நான் பார்த்த பழுதுகளில் பாதிக்கு மேல் வலையமைப்புப் பழுதுகள் அல்ல, மின்சாரப் பழுதுகள். புல்மோட்டையிலும் அதுதான் நடந்தது. ஐஸ் இயந்திரத்தின் மோட்டார் தொடங்கும்போது மின்னழுத்தம் ஒரு கணம் தாழ, ரவுட்டர் உறைந்துபோகும். இயந்திரம் தொடங்கிய நேரத்தையும் இணைப்பு அறுந்த நேரத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது புரிந்தது.

ரவுட்டருக்கும் சேவை நிறுவனத்தின் பைபர் பெட்டிக்கும் யூ.பி.எஸ் கட்டாயம். இரண்டும் 12 வோல்ட், தலா 1 அம்பியர் என்றால் அதிகபட்சம் 24 வாட். 12 வோல்ட் 7 அம்பியர் மணி மின்கலம் ஒன்று நடைமுறையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தாங்கும். ரவுட்டருக்கு மட்டும் கொடுத்துப் பைபர் பெட்டியை மறந்துவிடுவது எல்லோரும் செய்யும் தவறு. மின்கலத்தில் வாங்கிய திகதியை ஒட்டுங்கள். கச்சான் காற்றுக் காலத்து வெப்பத்தில் மூடிய அலுமாரிக்குள் அதன் ஆயுள் வேகமாகக் குறையும்.

அக்சஸ் பொயின்ட்களுக்கும் கமராக்களுக்கும் நடு சுவிட்சே கேபிள் வழியாக மின்சாரம் கொடுக்கட்டும். உறைந்துபோன அக்சஸ் பொயின்டை வீட்டிலிருந்தபடி அந்தத் துளையின் மின்சாரத்தை அணைத்துப் போட்டு எழுப்பலாம்.

ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குச் செப்புக் கேபிள் இழுக்காதீர்கள். பக்கத்தில் விழும் இடியும் அதன் வழியாக இரு முனைச் சாதனங்களையும் எரித்துவிடும். பைபர் மின்சாரத்தைக் கடத்தாது. கூடுதல் செலவை முதலாளிக்கு விளக்கும்போது, ஒரு சுவிட்சின் விலையோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

10. உங்களையே வெளியே பூட்டிக்கொள்ளாதீர்கள்

மூதூரில் ரவுட்டரின் ஃபயர்வோலில் (யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் பகுதி) ஒரு விதியை வரிசை மாற்றி வைத்ததால், கட்டளையை ஏற்ற கணத்தில் என் இணைப்பே அறுந்தது. கிண்ணியாப் பாலம் கடந்து மறுபடி போனேன். மைக்ரோட்டிக்கில் மாற்றத்துக்கு முன் கண்ட்ரோல் எக்ஸ் அழுத்தினால் பாதுகாப்பு முறைக்குள் போகும். இணைப்பு அறுந்தால் சுமார் 9 நிமிடத்தில் எல்லா மாற்றமும் தானாகத் திரும்பும். சிஸ்கோவில் "ரீலோட் இன் 10" (பத்து நிமிடத்தில் மறுதொடக்கம்) கொடுத்துவிட்டு, மாற்றத்தைச் சேமிக்காமல் சோதியுங்கள். சரியென்றால் ரீலோடை ரத்துச் செய்து பிறகு சேமியுங்கள். ஜூனிப்பரில் "கமிட் கன்ஃபர்ம்ட்" இதே வேலையைச் செய்கிறது.

11. கிளம்பும் முன்

கடவுச்சொற்கள், முகவரிப் பட்டியல், கடிதத்தின் பிரதி, அமைப்பு நகல்கள் உள்ள பென்டிரைவ் எல்லாவற்றையும் ஓர் உறையிலிட்டு ஒட்டி, கையொப்பமிட்டு முதலாளியின் அலுமாரியில் வையுங்கள். நாளை உங்களுக்கு ஏதாவது ஆனால் அந்த இடம் முடங்கக் கூடாது. எந்தச் சாதனத்தை எந்த வரிசையில் அணைத்துப் போடவேண்டும் என்று தமிழிலும், தேவையான இடங்களில் சிங்களத்திலும் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள்.

பிறகு எல்லோரிடமும் சொல்லிவிட்டு மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வீதிக்கு வாருங்கள். பிரதான மின்னாளியை அணைக்கச் சொல்லுங்கள். யூ.பி.எஸ் தாங்குகிறதா என்று பத்து நிமிடம் பாருங்கள். அடுத்து யூ.பி.எஸ்ஸையும் அணைத்து, எல்லாம் இறந்த பின் மறுபடி போடச் சொல்லுங்கள். அந்த இடத்து வைஃபையில் இருக்காதீர்கள். உங்கள் கைப்பேசித் தரவில் மட்டும் பாருங்கள். யாரும் எதையும் தொடாமல் ஐந்து நிமிடத்துக்குள் சுரங்கம் எழுந்து, எல்லாச் சாதனமும் பச்சையானால் புறப்படலாம். ஒன்று சிவப்பாக நின்றாலும், இருட்டினாலும், உள்ளே திரும்பிப் போங்கள்.